மரநாய்ப் படத்தின் பின்பக்கம்

என் அன்பு நைனா,

நேற்று கடையில் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உனக்கு எழுதப் போகிறேன். எனக்கு வெட்கமான இடங்களையும் விடமாட்டேன்.

நீ கண்மூடியபின் பூட்டிக் கிடந்த பழைய படக் கடையை அம்மா திறந்துவிட்டாள். பக்கத்துக் கல்பட்டறைத் தூசு இப்போதும் உன் படச் சட்டங்களில்தான் வந்து படிகிறது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் துடைக்கிறேன். நீர்நாய், தேவாங்கு எல்லாம் நலம். காண்டாமிருகம் மட்டும் இன்னும் இரும்புக் கவசத்தோடுதான் நிற்கிறது. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து, கையால் வண்ணம் பூசிய அந்தப் பழைய படங்களைக் காட்டி, "செதுக்குனவன் பாத்ததே இல்ல கண்ணு, யாரோ சொன்னத கேட்டு செதுக்கிக்கீறான்" என்று சிரிப்பாயே, அந்தச் சிரிப்புதான் கடையில் இல்லை.

மூன்றாம் வகுப்பில் நான் செய்தது நினைவிருக்கிறதா? மரநாய்க்கு எவரோ செங்கல் நிறம் பூசியிருந்தார். நம் வீட்டு ஓட்டின்மேல் ஓடும் மரநாயோ சாம்பல் நிறம், முகத்தில் கறுப்பு. படம் பொய் சொல்கிறதே என்று என் வண்ணப்பெட்டியை எடுத்துத் திருத்திவிட்டேன். நீ படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாய். பிறகு, "இன்னாடி, இத்தினி வருசமா செவப்பா இருந்ததுக்கு ஒரே மத்தியானத்துல மை பூசிட்டியே" என்றாய். நான் அழுதேன். நீ அதற்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாய். யார் விலை கேட்டாலும், "அத வேற ஒருத்தர் எடுத்து வச்சிக்கீறாங்க" என்பாய். அந்த ஒருத்தர் யார் என்று ஏன் நான் கேட்கவே இல்லை?

விற்கும்முன் சட்டத்தைக் கழற்றி, பின்பக்கம் பென்சிலில் எழுதியிருக்கும் குறைகளை வாங்குபவரிடம் சத்தமாகப் படிப்பாய். 'ஓரம் கிழிந்து ஒட்டியது.' 'பச்சை பிற்காலத்தது.' அம்மாவும் அந்த வழக்கத்தை விடவில்லை.

நேற்று ஓர் அக்கா வந்தார். கோவளம் பக்கம் கட்டும் விடுதிச் சுவருக்குப் பாலூட்டிகள் மட்டும் வேண்டுமாம். பத்துப் படம் எடுத்துவைத்தவர் மரநாய் முன்னால் நின்றுவிட்டார். "இதுலதான் உயிர் இருக்கு. எவ்ளோ பழசு?"

அம்மா என்னைப் பார்த்தாள். பின், "நீயே கயட்டி படிடி" என்று சட்டத்தை நீட்டினாள்.

சட்டத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன் நைனா. 'மகள் கெடுத்தது' என்று எழுதியிருப்பாயோ? அதைவிடப் பெரிய பயம், ஒன்றுமே எழுதாமல் விட்டிருப்பாயோ என்பது. எனக்காக ஒரு பொய்யை நீ மாட்டிவைத்திருந்தால், மற்றப் படங்களின் பின்னால் எழுதியதை யார் நம்புவார்கள்? நானே நம்புவேனா?

ஆணிகளைக் கழற்றினேன். உன் சாய்ந்த எழுத்து. உரக்கப் படித்தேன்.

"கோடுகள் பழையவை. உடல் நிறம் பிற்காலத்தது. மரநாயை நேரில் பார்த்தவர் தீட்டியது."

இரண்டாவது முறை படிக்கச் சொன்னார் அந்த அக்கா. நான் எழுத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"அப்போ இது பழசா, புதுசா?"

"பாதி பழசும்மா. மீதி எங்க வூட்டுப் பொண்ணு, மூணாங்கிளாஸ்ல பண்ணது" என்றாள் அம்மா.

அக்கா சிரித்துவிட்டார். "பரவால்ல, இதையும் சேத்துக் குடுங்க."

அம்மா படத்தை என்னிடமிருந்து வாங்கி, அதே ஆணியில் திரும்ப மாட்டினாள். "இல்லம்மா, அத வேற ஒருத்தர் எடுத்து வச்சிக்கீறாங்க" என்றபடி என் தோளில் கை வைத்தாள்.

மற்றப் பத்தும் போயின. அந்த ஒரு சுவரில் மட்டும் பத்து வெள்ளைச் சதுரங்களுக்கு நடுவே மரநாய் தனியாக இருக்கிறது.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். இன்று காலை ஓட்டின்மேல் அதைப் பார்த்தேன். வால் நல்ல கறுப்பு. நான் சாம்பல் பூசியிருக்கிறேன். பயப்படாதே, தூரிகையைத் தொடமாட்டேன். உன் வரிக்குக் கீழே பென்சிலில், 'வால் நிறம் தவறு' என்று எழுதிவைப்பேன். இனி இந்தக் கடையில் வரும் எந்தப் படத்தின் குறையையும் அப்படியே எழுதுவேன், என் குறையானாலும். இது சத்தியம்.

இதைக் கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். "வூட்டுக்கு வரியா இல்லியா?" என்று அம்மா வாசலிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே விளக்குகளை அணைத்துவிட்டாள்.

மரநாயை நேரில் பார்த்த,
உன் மகள்