ஓடும்போதே ஒயரை மாட்டலாம்

உத்திரமேரூர்,
12-8-2006

அன்பு மகள் குமுதவல்லிக்கு, அம்மா ஆண்டாளம்மாள் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன். நீ கேட்பதற்கு முன் சொல்லிவிட்டேன்.

ஆடி மாதம், ஊரெல்லாம் கூழ் ஊற்றுகிறார்கள். நம் மைக் செட்டுகள் திருமுக்கூடல் வரைக்கும் வாடகைக்குப் போயிருக்கின்றன. வியாபாரத்துக்குக் குறையில்லை.

ஜெர்மனியிலிருந்து நீ அனுப்பிய சி.டி. வந்தது. திரையில் பெட்டி பெட்டியாக வைத்து, கோடு இழுத்து இணைத்தால் இசை வரும் சாஃப்ட்வேர் என்றாய். அதைப் புதியவர்களுக்கு எளிதாக்கியிருக்கிறாய். நம் கடை ஆட்களுக்கே ஒரு சின்ன மெட்டு வரவில்லை என்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுவேன் என்றும் எழுதியிருந்தாய். மறைக்காமல் சொல்கிறேன், முதலில் வரவில்லை.

பில் போடும் ஏஞ்சல் உட்கார்ந்தாள். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிற பெண். திறந்ததும் வெள்ளையாக ஒரு பக்கம். வாங்க வந்தவளுக்கு வெறும் அலமாரியைத் திறந்து காட்டினால் என்ன வாங்குவாள்? பேந்தப் பேந்த விழித்துவிட்டு எழுந்துகொண்டாள்.

அடுத்து, மைக் செட் கட்டப் போகிற நம் சேட்டு. "இன்னாம்மா, ஆம்ப்ளிஃபயருக்கு ஒயர் குடுக்கற வேலதான?" என்று சவடாலாக உட்கார்ந்தான். சத்தத்தை அணைத்துவிட்டு எல்லாக் கோட்டையும் இழுத்தான். பிறகு சத்தத்தை ஒரே அடியாகப் போட்டான். கொய்ங் என்று ஒரு கத்தல். எந்தக் கோட்டால் கத்தியது என்று தெரியாமல் மொத்தத்தையும் பிடுங்கினான். மறுபடி அணைத்தான், இழுத்தான், போட்டான், மறுபடி கத்தல். "பேஜாரா கீதும்மா, பாப்பா இத்த வெச்சிக்கினு இன்னா பண்ணுது?" என்றான்.

எதற்கு அணைத்து அணைத்துப் போடுகிறாய் என்று கேட்டேன். "கரண்ட்டு ஓடறப்ப ஒயர மாட்னா ஷாக் அடிக்காதா? ஸ்பீக்கரு பூடாதா?" என்றான். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கோட்டுக்கு! ஏஞ்சல் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் நம் தொழிலில் யார் கையும் அப்படித்தான் போகும்.

அணைக்காமலே இழுடா என்றேன். பயந்துகொண்டே ஒரு கோடு இழுத்தான், சத்தம் வந்தது. இன்னொன்று, அது துடித்தது. அப்புறம் சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை. ஏஞ்சல் அவனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். பம்பை மாதிரி அவன் போட்ட அடி, அதன்மேல் அவள் போட்ட மெட்டு. தெருவில் போனவர்கள் நின்று, எந்தப் படத்துப் பாட்டு என்று கேட்டார்கள். "எங்க படம்" என்றான் சேட்டு.

ஆகையால் விட்டுவிடாதே. திறக்கும்போதே ஏதாவது ஒரு தாளம் ஓடிக்கொண்டிருக்கட்டும். கோட்டை மாற்றினால் உடனே காதில் விழட்டும். ஓடும்போதே மாட்டலாம், எதுவும் கெட்டுப்போகாது என்று மேலே கொட்டை எழுத்தில் போடு.

ஊருக்கு வருவது பற்றி. கல்லாவில் உனக்கென்று வைத்திருந்த நாற்காலியில் நேற்று ஏஞ்சலை உட்காரவைத்துவிட்டேன். கெட்டிக்காரி, கடையைப் பார்த்துக்கொள்வாள். அதனால் கடைக்காக நீ வரவேண்டாம். பொங்கலுக்கு வா. பத்து நாள் சும்மா இரு, நான் சமைத்துப் போடுகிறேன்.

எடுத்த வேலை உன் கையில் நன்றாக முடியட்டும், மகளே. குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

உன் அம்மா,
ஆண்டாளம்மாள்