பின்கோட்டுக்கு ஆறு காலடி

ஆனி 9, திங்கள்
காற்றே இல்லை. புழுக்கம். மாதர் சங்க மைதானத்தில் பந்து பேட்மிண்டன். கடைசி வரிசையிலிருந்து நான் அடித்த கம்பளிப் பந்து எதிர்ப்பக்கப் பின்கோட்டைத் தொடவில்லை. மூன்று முறையும் ஆறு காலடி குறைவு. பதினொரு வருஷமாகக் கடைசி வரிசைதான் என் இடம். செயலாளர் ராஜம் (டாக்டர் மனைவி, முப்பது வயது) மெதுவாக: "அக்கா, தென்காசிக்காரங்களோட ஆடும்போது நீங்க நடுவுல நில்லுங்களேன். பின்னால ஜானகி பாத்துக்கிடுவா." யோசிக்கலாம் என்றேன். யார் எங்கே என்பது 28ஆம் தேதி முடிவாகும்.
நாற்பத்தாறு வயது. தளர்ந்தது தோள் மட்டும்தானா?

ஆனி 10
திட்டம்: காலையில் எட்டுக் குடம் நானே இறைப்பது. மாவு நானே ஆட்டுவது. ரயிலடி வரை வேக நடை. இரண்டாவது சோறு கிடையாது.
ஐந்தாவது குடத்தில் கயிற்றை விட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

ஆனி 13
முப்பிடாதி வேலைக்கு வந்து, நிறைந்த தொட்டியைப் பார்த்து, வாளியைத் தொடாமல் அழுதாள். "நான் என்ன தப்பு பண்ணிட்டேம்மா? நீங்களே தண்ணி கோருதீய. வக்கீல் வீட்டுல ஒன்னய நிறுத்திட்டாவளான்னு தெருவுல கேக்காவ." பந்து ஆடுவதற்காக என்றேன். நம்பவில்லை. வக்கீலான இவர் பேப்பரிலிருந்து தலை எடுக்காமல், "ஆமா முப்பிடாதி, அம்மா பயில்வானாகப் போறா." அழுகை நின்று சிரிப்பு. ஒப்பந்தம்: எனக்கு எட்டு, மிச்சம் அவளுக்கு. அவள் கொஞ்சம் லேட்டாக வரலாம். சம்பளத்தில் மாற்றமில்லை.
எலுமிச்சை ஊறுகாய்க்கு உப்பு வாங்க வேண்டும்.

ஆனி 20
மேல்காற்று தொடங்கிவிட்டது. துணி காயப்போட்டால் அடுத்த வீட்டில். பந்து விழும் இடத்தில் கல் வைத்து வருகிறேன். இன்று இரண்டு காலடிதான் குறைவு.

ஆனி 24, செவ்வாய்
கோட்டின்மேல் விழுந்தது! யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கை சோறு கூடுதல்.

ஆனி 27
மேகம். கண்ணில் வெயில் படாது என்பதால் முதல் முறையாகக் கிழக்குப் பக்கம் நின்று அடித்தேன். நான்கு காலடி குறைவு. இத்தனை நாளும் மாலை வெயிலுக்கு முதுகு காட்டி மேற்கிலேயே நின்றிருக்கிறேன். மேற்கிலிருந்து வரும் காற்றும் என் முதுகில்.
நானெல்லாம் படித்தவள்!

ஆனி 28, சனி
மேற்கிலிருந்து அடித்தேன். கோடு தாண்டியது. எல்லோரும் கைதட்டல். ராஜம்: "அப்ப அக்காதான் பின்னால."
சும்மா இருந்திருக்கலாம். "அந்தப் பக்கம் நின்னும் ஒரு தடவை அடிக்கேன், பாத்துரு ராஜம்," என்றேன். எதிர்காற்று. மூன்று காலடி குறைவு. பிறகு ஜானகி, அதே இடத்திலிருந்து. ஒரு காலடிதான் குறைவு. அவள் என்னைப் பார்க்கவில்லை. "பின்னால அவ நிக்கட்டும்," என்று நானே சொன்னேன்.
வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அன்று காற்றில்லாத நாளில் ஆறு குறைவு. இன்று எதிர்காற்றிலேயே மூன்று. காற்றை நம்பி ஏமாந்தது உண்மை. கூடியதும் உண்மை.
முப்பிடாதியிடம் சொன்னேன். பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "மூணு காலடி கூடுறதுக்கு இத்தன நாளா? அப்ப மிச்சம் மூணுக்கு?"
"இன்னும் இத்தன நாள்."
"அப்ப நாளைக்கும் நான் லேட்டாவே வாரேன்."