ஹெப்பகோடியிலிருந்து எதிர்காற்று

18-7-98, சனி, மாலை

அண்ணா,

நீ தூங்குகிறாய், எழுப்பவில்லை. மாலை வகுப்புக்குக் கிளம்புமுன் காலையில் செய்த தப்பை எழுதிவிடுகிறேன். ஹெப்பகோடியிலிருந்து சைக்கிளில் திரும்பும்போது, "நிரு, கொஞ்ச தூரம் நீ முன்னாடி போயேன், மூச்சு வாங்கறது" என்றாயே, அது என் காதில் விழுந்தது. விழாத மாதிரி உன் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். நான் முன்னால் போனால் வேகம் குறையும், கூட ஓட்டி வந்தவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள் என்று பயம்.

எதிர்காற்று முழுவதையும் நீதான் வாங்கினாய். உன் முதுகு மறைத்ததில் என் கால்கள் களைக்கவே இல்லை. அதனால்தான் கடைசியில் உன்னைத் தாண்ட முடிந்தது. "என்ன குரு, தங்கச்சிகிட்டயே தோத்துட்டே!" என்று உன் சிநேகிதன் ப்ரஹ்லாத் கத்தியபோதாவது நான் சொல்லியிருக்கலாம். கைதட்டல் பிடித்திருந்தது, பேசாமல் இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நீ சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "இனிமே நீ தனியாவே போய்க்கோ."

தோசை மாவு ஃபிரிட்ஜில் இருக்கிறது. சட்னியில் காரம் கொஞ்சம் தூக்கல். கேஸ் வந்தால் காலி சிலிண்டர் பால்கனியில். வெளியே போனால் சாவியை எதிர்வீட்டு மாமியிடம் கொடு.

ப்ரஹ்லாதுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "ஐயோ, அவன்கிட்ட சொல்லு, என்கிட்ட ஏன் சொல்றே?" என்றான். அதனால்தான் இந்தச் சீட்டு.

பி.கு.: தனியாகப் போக எனக்கு இஷ்டமில்லை.

இன்னொன்று: உன் டயருக்கும் காற்று அடித்துவிட்டேன். நாளை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். திரும்பும்போது ஹெப்பகோடியிலிருந்து சில்க் போர்டு ஜங்ஷன் வரை நான் முன்னால். மெதுவாகத்தான் போவேன், நீ பின்னால் வா.

நிரு