கார்டு என்னுடையது, ரத்தம் உன்னுடையது

அன்புள்ள அண்ணா,

பேசாமல் இருந்தது போதும். இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது. போன மாதம் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து உன் உடலை எடுத்தபோதுகூட எதிர் டீக்கடையில் நின்றேனே தவிர, உள்ளே வரவில்லை.

காரணம் உனக்குத் தெரியும். அப்பா சர்வீஸில் இருக்கும்போதே இறந்தார். கருணை அடிப்படையில் தொழிற்சாலை வேலை ஒரு பிள்ளைக்குத்தான். விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்த நான் இருக்க, பன்னிரண்டாவது தாண்டாத உன் பெயரை அம்மா விண்ணப்பத்தில் எழுதினாள். "படிச்சவன் எப்டியாச்சும் பொழைச்சுக்குவான்டா" என்றாள். 'எனக்கு ஆட்சேபனை இல்லை' என்ற தாளில், தாள் கிழியும்படி கையெழுத்துப் போட்டேன். பிழைத்தும்விட்டேன்: திருநின்றவூரில் வாடகை வீடு, தனியார் பள்ளியில் உயிரியல் பாடம். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. பொய் சொல்ல மாட்டேன்.

ஆறு வருடம் முன் என் எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது நின்றபோது, நான் உனக்குச் சொல்லி அனுப்பவில்லை. யார் சொன்னார்கள்? நீயாக வந்து குப்புறப் படுத்தாய். உன் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜை என் தலைமாட்டில் பையாகத் தொங்கியது.

"இன்னாடா மூஞ்சிய அப்டி வெச்சுகினு கீற? தக்காளி ஜூஸுன்னு நெனச்சுக்கோ. அதுல இன்னா கீதுன்னு எனக்கே தெரியாது" என்றாய். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ ஒரு வாரம் நொண்டியபடியே டூட்டிக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும் அண்ணா. இன்னும் எதுவாகவும் ஆகாத ஸ்டெம் செல்கள். கை நரம்பில் ஏறியவை, யாரும் வழி சொல்லாமல் என் எலும்புக்குள் போய்க் குடியேறின. ஒரே செல்லின் பிள்ளைகளில் சில கிருமியை விழுங்கப் போயின. சில வெட்டுக்காயத்தை அடைக்கப் போயின. சில சிவப்பணு ஆயின. சிவப்பணு, ஆக்சிஜன் சுமக்க இடம் வேண்டும் என்று தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடும். அதன் பிறகு அது தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ள முடியாது. நான்கு மாதம் ஓடிவிட்டு முடிந்துபோகும். வருடா வருடம் இதைக் கரும்பலகையில் வரைகிறேன். உன் நினைப்பு ஒருமுறையாவது வந்திருக்கக் கூடாதா?

ரத்த வகை மாறிவிடும், பழைய கார்டைக் கிழித்துப்போடுங்கள் என்று டாக்டர் அன்றே சொன்னார். நான் கிழிக்கவில்லை. உன் வகையைச் சட்டைப்பையில் சுமக்க மனமில்லை.

போன வாரம் என் குடலிறக்க ஆபரேஷனுக்காக அம்பத்தூரில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். லேபில் இருந்த பெண் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சார், இதுல பி பாசிட்டிவ்னு கீது. ரெண்டு தபா பார்த்துட்டேன், ஓ பாசிட்டிவ்தான் வருது. வேற யார் கார்டையாச்சும் எட்த்துகினு வந்துட்டீங்களா?"

"கார்டு என்னுதுதாம்மா. ரத்தம் எங்க அண்ணனுது."

இருபத்தைந்து வருடத்தில் உன்னை அண்ணன் என்று நான் சொன்னது அப்போதுதான். நீ கேட்கவில்லை.

நீயும் சர்வீஸில் இருக்கும்போதே போய்விட்டாய். அதே விண்ணப்பம் இப்போது உன் வீட்டு மேஜையில் இருக்கும். உன் மகள்கள் இருவரில் ஒருத்திக்குத்தான் வேலை. இன்னொருத்தி அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணி, இந்தக் கடிதத்தை நீங்கள்தான் பிரிப்பீர்கள் என்று தெரியும். படித்தவள் பிழைத்துக்கொள்வாள் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துக் கேளுங்கள்.

கையெழுத்துப் போடுகிறவள் பக்கத்தில் அன்று நான் வந்து உட்கார்வேன் அண்ணா. இது சத்தியம். என் மூளைச் செல்கள் பழையவைதான், பகை அங்கேதான் இருக்கிறது. ஆனால் நடந்து வருவதற்கான மூச்சைச் சுமப்பது உன் செல்கள்.

உன் குடும்பத்துக்காக நான் கடைசியாகப் போட்ட கையெழுத்து அந்தப் பழைய 'ஆட்சேபனை இல்லை' தாளில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று வேண்டாம். இந்தக் கடிதத்தைப் பெயர் எழுதாமல், கையெழுத்துப் போடாமலே தபாலில் போடுகிறேன்.

உன் தம்பி