கூறைச்சேலையில் வந்த உல்லாசப் பயணிகள்

மச்சான்,

அலுமாரியைத் திறந்ததும் பூச்சி உருண்டை மணம் மூக்கில் ஏறியது. உன் சாம்பல் நிறக் கோட்டு. உன் அடக்கம் முடிந்ததும் உன் மனைவி என்னிடம் தந்தது. அழுகை வந்திருக்க வேண்டும், எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

தொண்ணூறுகளில் இத்தாலியத் தீவுத் துறைமுகத்தை ஒட்டிய கால்சாவில் நீ வேலை செய்த சின்ன விடுதி ஞாபகம் வந்தது. கப்பலால் இறங்கும் வெள்ளைக்காரர் எல்லோரும் பெரிய ஹோட்டல்களுக்கே போனார்கள். இந்தக் கோடையும் அறைகள் காலியாய்க் கிடந்தால் மூடிவிடுவேன் என்று விடுதிக்காரச் சின்யோரா சொல்லிவிட்டார். வேலை போனால் உன் பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதி, போகும். பிறகு ஊரில் காத்திருக்கும் மனைவியை எப்படிக் கூப்பிடுவது?

நீயோ பொருளாதாரம் பேசினாய். "எங்கடை தீவிலை திருவிழாவுக்கு வள்ளம் வந்தால்தானே தேத்தண்ணிக் கடைக்காரன்ரை அடுப்பு எரியும்? இதுவும் தீவுதான். சனம் இருக்கிற இடத்துக்குத்தான் சனம் வரும். முதல்லை சனத்தைக் காட்டுவம்."

காட்டினோம். ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் ஆட்களை விடுதி முற்றத்தில் உல்லாசப் பயணிகளாய்க் கோப்பியோடு இருத்தினாய். பெண்கள் கூறைச்சேலை. எனக்குக் கோட்டு இல்லையென்று உன்னுடையதை மாட்டிவிட்டாய். "ஒருத்தரும் எழும்பக் கூடாது. இருந்து குடியுங்கோ" என்று கட்டளையும் போட்டாய்.

கூட்டத்தைக் கண்டு ஒரு ஜெர்மன்காரக் குடும்பம் பெட்டிகளோடு உள்ளே வந்தது. அவ்வளவுதான். கிழமை முழுக்க வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்கிற சனம், வாசலில் பெட்டியோடு ஆளைக் கண்டால் கதிரையில் இருக்குமா? எல்லோரும் ஒன்றாய் எழும்பினோம். நான் பெட்டியைப் பறித்தேன். ஒரு கூறைச்சேலை மேசை துடைத்தது, இன்னொன்று அவர்களின் குழந்தையைத் தூக்கியது. நாலு பக்கத்தாலும் அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வந்தது. நீ தலையில் கை வைத்தாய்.

பட்டுடுத்த இத்தனை வேலையாட்களா என்று வாய்பிளந்த அவர்கள் அங்கேயே தங்கினார்கள். ஊர் போய்ச் சொல்லி, அடுத்த கோடை இனசனத்தையும் அனுப்பினார்கள். விடுதி தப்பியது, உன் மனைவியும் வந்து சேர்ந்தார். எல்லாம் உன் பொருளாதாரத்தால் என்று கடைசிவரை சாதித்தாய். எங்கள் பழக்கதோசத்தால் என்று நானும் விடவில்லை. இப்போது அந்தச் சண்டைக்கு ஆளில்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

இன்று உன் கோட்டைப் போட்டுக்கொண்டு அந்த விடுதிக்குப் போனேன். முற்றத்தில் கோப்பி கொண்டுவந்த பெண்ணைக் கண்டதும் கதிரையிலிருந்து இடுப்பு தானாகவே கிளம்பியது. "இருந்து குடியுங்கோ" என்ற உன் குரல் கேட்டது. இருந்தேன், மச்சான். கடைசி மிடறுவரை எழும்பவில்லை.

பிறகு கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் வந்தேன்.