நாலு சதவீதப் பிடித்தம்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுறது. இங்க நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால் மட்டும் தனியா ஒரு வழக்கு நடத்திக்கிட்டிருக்கு. அங்க நீயும் மாப்பிள்ளையும் முகம் பார்த்துப் பேசிக்கிற அளவுக்காவது சுகமா இருக்கீங்களா? போன்லயே சொல்லியிருப்பேன், ஆனா உங்கப்பா பக்கத்துல உக்காந்து நான் பேசுறதுல தப்பு கண்டுபிடிக்கிறார். தணிக்கை ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆகி ஆறு வருஷமாச்சு, அந்தப் புத்தி மட்டும் இன்னும் டியூட்டியிலதான் இருக்கு.

போன வாரம் நீ அழுதுக்கிட்டே சொன்னியே, ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டுக் கடன் கேட்டதுக்கு, மாப்பிள்ளையோட கிரெடிட் ஸ்கோர் பாதாளத்துல கிடக்குன்னு பேங்க்ல கையை விரிச்சுட்டாங்க, என்ன கடன் எப்போ வாங்கினீங்கன்னு கேட்டா மனுஷன் வாயே திறக்கலை, அதனால அவர் பேரை விட்டுட்டு உன் சம்பளத்துக்குக் கிடைக்கிற கடன்ல ஒத்தை ரூம் ஃபிளாட் ஒண்ணு வாங்கிக்கப் போறேன்னு. அதைக் கேட்டு உங்கப்பா போனைப் பிடுங்கி அரை மணி நேரம் பிரசங்கம் பண்ணாரே, நாணயம், ஒழுக்கம், இந்தக் காலத்துப் பசங்களுக்கு ரெண்டும் கிடையாதுன்னு! நானும் பக்கத்துல நின்னு தலையாட்டினேன். அது என் தப்பு.

மறுநாள் அந்த நடக்கிற மெஷினைத் துடைக்கப் போனேன். சர்க்கரைக்காக உங்கப்பா வாங்கினது. பென்ஷன்காரருக்குத் தவணையில தரமாட்டோம்னு கடையில சொன்னதும், அன்னிக்கு ஊருக்கு வந்திருந்த மாப்பிள்ளைதான் தன் பேர்ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், நீ லீவு கிடைக்கலைன்னு வரலை. மாசாமாசம் நானே நேர்ல போய்க் கட்டிடறேன்னு உங்கப்பா மார்தட்டினார். இப்ப அது மேல துண்டு காயுது. அதுக்கு அடியில ஒரு ஃபைல், மேல முத்து முத்தா 'பதில் தேவையில்லை'ன்னு எழுதியிருக்கு. உள்ள பைனான்ஸ் கம்பெனி நம்ம வீட்டு விலாசத்துக்கு அனுப்பின பதினெட்டு நோட்டீஸ், எல்லாம் மாப்பிள்ளை பேருக்கு.

விஷயம் என்னன்னா, இவர் நூறு அடி எடுத்து வச்சா மெஷின் தொண்ணூத்தாறுதான் காட்டுதாம். குறையுள்ள பொருளுக்கு முழுப் பணம் கொடுக்கிறது விதிக்கு விரோதம்னு ஒவ்வொரு தவணையிலயும் நாலு சதவீதம் பிடிச்சுக்கிட்டு மீதியைக் கட்டியிருக்கார். கூடவே ஒரு விளக்கக் கடிதம், நகலோட! கம்பெனி கம்ப்யூட்டருக்கு விளக்கம் படிக்க நேரமா இருக்கு? மாசம் தவறாம 'தவணை பாக்கி'ன்னு மாப்பிள்ளை தலையில எழுதிடுச்சு.

எனக்கு வந்த கோபத்துல மாப்பிள்ளை ஆபீசுக்கே போன் போட்டேன். பேங்க்ல அவர்கிட்ட மட்டும் ரிப்போர்ட்டைக் காட்டினப்பவே இந்த மெஷின் தவணைதான்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. மாமா வேணும்னு செய்யலை, தெரிஞ்சா இடிஞ்சு போயிடுவார், சொல்லாதீங்க அத்தைன்னு என்கிட்ட கெஞ்சுறார். உங்கப்பான்னா உனக்கு உசுராம், அதைக் கெடுக்க மனசு வரலையாம், அதான் உன்கிட்டயும் சொல்லலையாம். அடிப்பாவி, இந்த மனுஷனையா ஒரு வாரமா ஹால்ல படுக்க வச்சிருக்கே?

உங்கப்பாவைக் கையோட அந்த பைனான்ஸ் கம்பெனிக்கு இழுத்துக்கிட்டுப் போய் பாக்கியை வட்டி அபராதத்தோட கட்ட வச்சேன், பிடிச்சதைப் போல மூணு மடங்கு. கவுன்டர்ல இருந்த பொண்ணு கொடுத்த ரசீதுலயும் தேதி தப்புன்னு திருத்தி வாங்கினார். வெளிய வந்ததும் படிக்கட்டுலயே உக்காந்துட்டார். இத்தனை வருஷம் அடுத்தவங்க கணக்குலதான் ஓட்டை தேடினேன்னு மட்டும் சொன்னார். எனக்கே பாவமா போச்சு. பாக்கி இல்லைங்கிற சான்றிதழை இதோட வச்சிருக்கேன். ஸ்கோர் ஏற ஆறேழு மாசமாவது ஆகும்னு அந்தப் பொண்ணு சொன்னா.

அதுவரைக்கும் வாடகை வீட்டுலயே இருங்க. இப்போதைக்கு என் பேர் மட்டும் இருக்கட்டும், அவரை அப்புறம் சேர்த்துக்கலாம்னு சொன்னே பாரு, இந்த வீடு வாங்கினப்போ உங்கப்பா என்கிட்ட சொன்னதும் அதேதான். உனக்குச் சம்பளம் இல்லை, உன் பேரைச் சேர்த்தா பேங்க்ல ஆயிரம் கேள்வி கேப்பாங்கன்னார். என் வளையல் நாலும் முன்பணத்துக்குப் போச்சு. இருபத்தெட்டு வருஷமா கூட்டிப் பெருக்குறேன், பத்திரத்துல நான் இல்லை. ஒரு தடவைகூட கேட்டதில்லை, ஒரு நாளும் மறந்ததும் இல்லை. அந்த வலியை மாப்பிள்ளைக்குக் கொடுத்துடாதே கண்ணு.

ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் துணையா ரொம்ப காலம் நல்லா இருக்கணும். சான்றிதழைத் தொலைச்சுடாதே. முதல்ல மாப்பிள்ளையை உள்ள வந்து படுக்கச் சொல்லு.

இப்படிக்கு
உன்னை நினைச்சுக்கிட்டே இருக்கிற அம்மா

பி.கு: கவரை ஒட்டுறதுக்குள்ள இந்தக் கடிதம் உங்கப்பா கண்ணுல பட்டுடுச்சு. பேனாவை எடுத்து வச்சுக்கிட்டு முதல்ல இருந்து படிச்சார். வளையல்னு எழுதின இடத்துல பேனாவை மூடி வச்சுட்டு எழுந்து போயிட்டார். பத்திரம் எழுதுறவர் நம்பர் எங்கேன்னு அலமாரியைக் குடைஞ்சுக்கிட்டிருக்கார்.