செம்பருத்தி இலையின் நிறம்

காலையில் ஜன்னலோரச் செம்பருத்தி இலையை என் விரல் தானாகத் துடைத்தது. துடைத்த இடம் மட்டும் பச்சையாகத் தெரிந்தது. அப்போதிருந்து இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து போகிறேன், தண்ணீர் குடிக்கிறேன், திரும்ப வந்து உட்காருகிறேன். உன் பதினாறாம் நாள் நோட்டீசில் போட நாலு வரி வேண்டும் என்று உன் மகள் கேட்டிருக்கிறாள். “ஸ்கூல்ல இருந்து அம்மா கூட இருந்தது நீங்கதான ஆன்ட்டி” என்றாள். ‘அன்பின் இருப்பிடமே, பண்பின் சிகரமே’ என்று எழுதி வைத்திருக்கிறேன். நீ பார்த்திருந்தால் பேனாவைப் பிடுங்கி அந்த வரியை அடித்திருப்பாய்.

பிளஸ் டூ உயிரியல் பிரிவில் நாம் ஒரே பெஞ்ச். நான் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்காரி. நீ பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து அண்ணனின் பழைய சைக்கிளில் வருவாய். எந்தக் கேள்விக்கும் நான் ‘தாவரங்கள் மனித வாழ்வின் இன்றியமையாத அங்கம்’ என்றுதான் தொடங்குவேன்.

“இத்த எங்கடி பாத்த?” என்பாய்.

“நோட்ஸ்ல இருக்கே.”

“நோட்ஸு கெடக்கு. நீ பாத்தத எழுது.”

ஒரு செடியை நேரில் பார்த்து ரெக்கார்டில் எழுதச் சொன்னார் டீச்சர். லாரிகள் போகும் சாலையோரம் வேலியில் நின்ற செம்பருத்தியிடம் போனோம். நான் நோட்ஸில் படித்தபடியே ‘இலை கரும்பச்சை, பளபளப்பானது’ என்று எழுதி முடித்தேன். நீ குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாய். ‘மேற்புறம் சாம்பல் நிறம். விரலால் துடைத்தால் பச்சை. அடிப்புறம் புழுதி இல்லை’ என்று எழுதினாய்.

டீச்சர் அதை வகுப்பில் படித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். “செடியப் பாக்கவே போகல நீ. கூட யார் போனது?” என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் என் ரெக்கார்டின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் கையெழுத்துப் போடாவிட்டால் செய்முறைத் தேர்வுக்கு உட்கார முடியாது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு நீயும் ‘கரும்பச்சை’ என்று எழுதினாய்.

சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்தாய்.

“நீயும் பாத்துகினுதான இருந்த?”

“பாத்தேன்.”

“அப்புறம் ஏண்டி வாயத் தொறக்கல?”

பயம் என்று சொல்லியிருக்கலாம். குவார்ட்டர்ஸ் வந்ததும் உள்ளே திரும்பிவிட்டேன்.

நீ என்னோடு பேசுவதையே விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மறுநாள் வந்து என் மாதத் தேர்வு விடைத்தாளை மடியில் வைத்துக்கொண்டு, நான் பார்க்காததை எல்லாம் வரி வரியாக அடித்தாய். ஒன்றரைப் பக்கத்தில் ஐந்து வரிதான் மிஞ்சியது. அந்த ஐந்திலிருந்துதான் எழுதக் கற்றேன். பிறகு கல்லூரியில் தாவரவியல் படித்தபோதும் எந்த இலையையும் துடைத்துப் பார்க்காமல் நிறம் எழுதியதில்லை. அந்த வகுப்பைப் பற்றி நீ மறுபடி கேட்கவே இல்லை. எத்தனையோ முறை ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தோம், எனக்கும் வாய் வரவில்லை. இப்போது யாரிடம் போய்ச் சொல்வது? வெட்கமாக இருக்கிறது.

சிகரத்தையும் இருப்பிடத்தையும் அடித்துவிட்டேன். உன் மகள் ஒன்றும் புரியாமல் போன் செய்வாள். செய்யட்டும், முழுக்கச் சொல்கிறேன். அவளுக்கு அனுப்பப்போகும் நாலு வரி இதுதான்:

உன் அம்மா செம்பருத்தி இலை சாம்பல் நிறம் என்று எழுதினாள்.
அவள் எழுதியது சரி.
பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன்.
கேட்டபோது சொல்லவில்லை.